மேல்பாதி மடித்த தாள்

"முப்பத்திரண்டு பேரையும் ஒரே பேரைச் சொல்ல வைக்க என்ன வழி, தாயே?"

உலகம்மை புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே பேரை வெச்சிடுங்க. கூப்பிட்டா எல்லாரும் வருவாங்க."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாகவே அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

அவருக்கு வயது அறுபத்தொன்று. கட்சியின் சட்டமன்றக் கொறடா. கட்சி சொன்ன பக்கம் உறுப்பினர்கள் கை தூக்குகிறார்களா என்று பார்ப்பதும், தூக்காதவர்களைக் காட்டிக்கொடுப்பதும் அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அந்த வேலை.

உலகம்மை அவரைவிட இருபது வயது இளையவள். குன்றடியில் இருந்த அந்தச் சின்ன மடத்தின் குரு போன பிறகு சாவிக்கொத்து அவளிடம் தங்கிவிட்டது. நீங்கள்தான் இப்போது குருவா என்று கேட்டவர்களிடம், "கதவைத் திறக்கிறேன், சாத்துறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஆனாலும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்.

"சும்மா உட்காராதீங்க ஐயா. கொட்டையை எடுங்க."

ஒரு முறத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் வேட்டியை மடக்கி உட்கார்ந்தார். தோல்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சட்டமன்றக் கட்சித் தலைவர் யாருன்னு சபாநாயகர்கிட்ட பேர் கொடுத்தாகணும்."

"கொடுங்க."

"கொடுக்கப் பேர் இல்லை தாயே. கட்சி ரெண்டா நிக்குது. பிளந்துட்டா ஆளுக்குப் பாதி. பத்தொன்பது பேர் வெச்சிருக்கிற சில்லறைக் கட்சி எங்களைத் தாண்டிப் பிரதான எதிர்க்கட்சி ஆயிடும். நாங்க பின்வரிசையில போய் உட்காரணும். அதுக்கு அப்புறம் கட்சின்னு ஒண்ணு இருக்காது."

"முன்னாடி எப்படிப் பேர் கொடுத்தீங்க?"

"பெரியவர் இருந்தார்."

பெரியவர் என்று அவர் சொன்னது கட்சியைத் தொடங்கியவரை. பிரசாரத்தின் நடுவே, ஒரு வேனில், கையில் ஒலிவாங்கியோடு அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அவர் எப்படிக் கொடுப்பார்?"

தணிகாசலத்தின் முகத்தில் ஒரு கணம் பழைய வெளிச்சம் வந்தது.

"ஒரு வெள்ளைத் தாள். மேல்பாதியைப் பின்பக்கமா மடிச்சிடுவேன். கீழ்ப்பாதியை வரிசையா நீட்டுவேன். எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க. அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பெரியவர்கிட்ட கொடுப்பேன். அவர் மடிப்பைப் பிரிச்சு, மேலே பேர் எழுதுவார். அதுதான் ஒருமனதான தீர்மானம்."

"கையெழுத்துப் போட்டவங்களுக்கு எப்போ தெரியும்?"

"மறுநாள் பேப்பர்ல பார்ப்பாங்க." அவர் லேசாகச் சிரித்தார். "புது ஆள் யாராவது மடிப்பைப் பிரிக்கப் பார்த்தா நான் ஒண்ணு சொல்வேன். தம்பி, மேலே பார்த்தா கழுத்து வலிக்கும், கீழே போடு. மன்றம் முழுக்க அது பிரசித்தம்."

உலகம்மை ஒரு புளியம்பழத்தைச் சுத்தியலால் தட்டினாள். ஓடு நொறுங்கியது.

"பெரியவர் இங்கே வருவார்னு சொல்லுவாங்க" என்றார் தணிகாசலம். குரல் தாழ்ந்தது. "பேர் எழுதறதுக்கு முந்தின நாள் தவறாம வருவாராமே. உங்க குருநாதர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுவாராம். அதனாலதான் நானும் வந்தேன்."

"வருவார்."

"என்ன கேட்பார்?"

"மோர் கேட்பார். குடிச்சிட்டு அந்தத் தூணோரம் படுத்துத் தூங்குவார். எழுந்து போயிடுவார்."

"பேர்?"

"கேட்டதில்லை."

தணிகாசலத்தின் விரல்கள் முறத்தில் நின்றன. பத்தொன்பது வருடம் அவர் எடுத்துக்கொண்டு போன தாள்கள் எல்லாம் எங்கோ ஓர் உயரத்தில் தீர்மானிக்கப்பட்டன என்று அவர் நம்பியிருந்தார். தூணோரத்துத் தரை வழவழப்பாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"கொட்டை" என்றாள் உலகம்மை.

அவர் கொட்டையை எடுத்தார்.

வாசலில் காரின் கதவைத் திறந்துவைத்து ஓட்டுநர் அப்பாத்துரை காலை நீட்டியிருந்தார்.

"பெரியவர் போன பிறகு மூணு தடவை கூட்டம் போட்டோம்" என்று தணிகாசலம் தொடர்ந்தார். "எல்லாரும் வந்து உட்கார்ந்தாங்க. டீ வந்தது. தாள் வரும்னு காத்திருந்தாங்க. எங்க ஆளுங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேர் சொல்லத் தெரியலை. யாரும் வாயைத் திறக்காம மூணு தடவையும் கலைஞ்சு போனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு தாள் வந்தது."

பையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தார். இரண்டின் நடுவிலும் ஒரே மாதிரி ஆழமான மடிப்பு.

"இது பூவராகன் தாள். பத்தொன்பது கையெழுத்து. இது அருமைநாயகம் தாள். பதினெட்டு. தாளைச் சபாநாயகர்கிட்ட கொண்டுபோறது கொறடாதான்கிறது கட்சி வழக்கம். அதனால ரெண்டு பேரும் என்கிட்டயே கொடுத்துட்டாங்க. அவர் கொடுத்தது இவருக்குத் தெரியாது. இவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது."

"முப்பத்திரண்டுல பாதிக்கு மேல எத்தனை?"

"பதினேழு."

"அப்ப ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டாங்க. நல்ல கட்சி."

"தாயே, விளையாடாதீங்க. அஞ்சு பேர் ரெண்டு தாள்லயும் போட்டிருக்காங்க. அஞ்சு மணிக்கு ரெண்டு தாளும் வெளியில வந்தா அந்த அஞ்சு பேர் மானமும் சந்தி சிரிச்சுப் போகும். துரோகின்னு சொல்லுவாங்க. கட்சி அங்கேயே உடையும்."

"யார் அந்த அஞ்சு பேர்?"

அவர் நான்கு பெயர்களைச் சொன்னார்.

உலகம்மை அடுத்த பழத்தை எடுத்தாள். ஐந்தாவது யார் என்று கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

"அந்த நாலு பேர்ல ஒரு அம்மா, அங்கயற்கண்ணி. மூணு தடவை ஜெயிச்சவங்க. நேத்துப் போன் போட்டுக் கேட்டேன். என்னம்மா ரெண்டு தாள்லயும் போட்டிருக்கீங்களேன்னு."

"என்ன சொன்னாங்க?"

"'நீங்க மடிச்சு நீட்டினீங்க, போட்டேன். ஏன், மேலே ஏதாவது எழுதியிருந்ததா?'ன்னு கேட்டாங்க."

உலகம்மையின் சுத்தியல் அந்தரத்தில் ஒரு நொடி நின்றது.

"ரெண்டையும் நீங்களா நீட்டினீங்க?"

"ஆமா. பூவராகன் சொன்ன கதவையெல்லாம் செவ்வாய்க்கிழமை தட்டினேன். அருமைநாயகம் சொன்ன கதவையெல்லாம் புதன்கிழமை தட்டினேன். மடிக்கணும்னு யாரும் சொல்லலை. கை தானா மடிச்சிடுச்சு."

அவர் முறத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அஞ்சாவது நான்."

காற்று வந்தது. புளி ஓட்டின் தூசு இருவர் மேலும் படிந்தது.

"என் முதல் தேர்தல்ல என்னைச் சைக்கிள் பின்னாடி வெச்சு நாப்பது ஊர் மிதிச்சவன் பூவராகன். என் வீட்டுக்காரி போனப்ப பதினாறு நாளும் வந்து என் பக்கத்துல ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருந்தவர் அருமைநாயகம். யார்கிட்ட மாட்டேன்னு சொல்வேன்? மத்த நாலு பேரும் பழக்கத்துல போட்டாங்க. நான் மேலே என்ன இருக்குன்னு தெரிஞ்சே போட்டேன்."

உலகம்மை கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"பேரை நான் எழுதித் தரேன். வெள்ளைத் தாள் இருக்கா?"

அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இதற்காகத்தானே காலையில் கிளம்பி இரண்டு மணி நேரம் வந்தார். பையிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"கீழே கையெழுத்துப் போடுங்க."

சட்டைப்பையிலிருந்து பேனா வந்தது. வலது ஓரத்தில், கட்டைவிரல் அகலத்தில், அவருடைய கையெழுத்து விழுந்தது. விழுந்த கையோடு விரல்கள் மேல்பாதியைப் பின்னால் மடித்து, நகத்தால் ஒரு கோடு இழுத்து, நீட்டின.

உலகம்மை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் தாள் இல்லை. மோர் இருந்தது.

"எழுதியாச்சா?"

"எழுதணும்."

"யார் பேரை?"

"என்ன தோணுதோ. குடிங்க."

அவர் குடித்தார். பாதி டம்ளரில் மோர் கசந்தது.

என்ன தோணுதோ என்றால் என்ன அர்த்தம்? பேரைத்தான் எழுதுவாளா? தாள் முழுக்க வெள்ளை. கீழே அவர் கையெழுத்து. மேலே எதை எழுதினாலும் அது அவர் சொன்னதாகும். கொறடா பதவியை விட்டு விலகுகிறேன் என்று எழுதலாம். கட்சியைக் கெடுத்தவன் நான் என்று எழுதலாம். ஊரில் இருக்கும் வீட்டை மடத்துக்கு எழுதி வைக்கிறேன் என்றுகூட எழுதலாம். ஏன் எழுத மாட்டாள்? அவளை அவருக்கு எத்தனை நாழிகையாகத் தெரியும்?

கை முன்னால் போய்விட்டது. புத்தி இப்போதுதான் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. மடத்துக்குள் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. கிணற்றுப் பக்கம் இருந்த பாறைமேல் ஏறி நின்றார்.

"எங்கடா இருக்கே?" பூவராகனின் குரல். பள்ளிக்கூட நாளிலிருந்து மாறாத குரல். "மூணு மணிக்குக் கூட்டம். தாளைப் பத்திரமா வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"பத்தொன்பதுடா. எண்ணிப் பார்த்தேல்ல? அந்த அருமைநாயகம் மூஞ்சியைப் பார்க்கணும். ஏண்டா பேச மாட்டேங்கிறே?"

"குன்றடி மடத்துல. சிக்னல் இல்லை."

"மலைமேல போய் உட்கார்ந்துக்கிட்டா எப்படி இருக்கும்? சாமியாராப் போறதுன்னா சாயங்காலம் அஞ்சுக்கு அப்புறம் போ."

பாறையைவிட்டு இறங்குவதற்குள் மறுபடி அடித்தது.

"அண்ணே, நான்தாண்ணே."

"சொல்லுங்க அருமை."

"ஒண்ணும் இல்லைண்ணே. சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான். பூவராகண்ணன் ஆளுங்க ஏதோ தாள் இருக்குன்னு பேசிக்கிறாங்க. அது கிடக்கட்டும். தாள் உங்க கையில இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையே இல்லைண்ணே."

பாறை சுட்டது. செருப்பு இல்லாமல் ஏறியிருந்ததை அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

மலை தன் நிழலைக் காலடிக்குச் சுருட்டிக்கொண்டிருந்தது. அப்பாத்துரை காரிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஐயா, பன்னெண்டரைக்குக் கிளம்பினாத்தான் ஆச்சு. பைபாஸ்ல வேலை நடக்குது."

உலகம்மை பழையபடி புளியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் அவள் எதிரே போய் நின்றார். உட்காரவில்லை.

"எழுதிட்டீங்களா?"

"அவசரம் என்ன?"

"என்ன எழுதப் போறீங்கன்னு சொல்லிடுங்க."

"நாளைக்குத் தெரியப்போகுது."

"நாளைக்கா?"

"பேப்பர்ல பார்த்துக்கலாமே."



"தாயே, அந்தத் தாளை நான் ஒரு தடவை பார்க்கணும்."

"மேலே பார்த்தா கழுத்து வலிக்கும்னு சொன்னீங்க."

"அது கட்சியில."

"இது?"

"இது என் கையெழுத்து."

உலகம்மை ஒரு கொட்டையை எடுத்து முறத்தில் போட்டாள். அது மற்றக் கொட்டைகள்மேல் விழுந்த சத்தம் கேட்டது.

தணிகாசலம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அவையில் நாற்காலி பறந்த நாளில்கூட அவர் குரல் உயர்ந்ததில்லை.

"கொடுங்க என் தாளை."

வாசலில் அப்பாத்துரை எட்டிப் பார்த்தார்.

உலகம்மை எழுந்து உள்ளே போனாள். மடித்தபடியே கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கியவர் உடனே பிரிக்கவில்லை. மடிப்பின் முதுகு விரலில் தட்டியது. இந்த மடிப்பை அவர் எத்தனை முறை போட்டிருக்கிறார். ஒரு முறைகூட பிரித்ததில்லை. பிரிப்பது அவர் வேலையாக இருந்ததில்லை.

பிரித்தார்.

மேலே ஒன்றும் இல்லை. சுத்தமான வெள்ளை.

"ஒண்ணும் எழுதலையே."

"உங்க கட்சியில நான் யாரு, எழுத?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தாளை முழங்கால்மேல் விரித்து, கட்டைவிரலால் மடிப்பைத் தேய்த்தார். மறுபடி மறுபடி தேய்த்தார். மடிப்பு போகவில்லை.

அங்கயற்கண்ணியின் குரல் காதில் இருந்தது. ஏன், மேலே ஏதாவது எழுதியிருந்ததா?

அந்தம்மா அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. அப்பாத்துரை வந்து பக்கத்தில் நின்றார்.

"ஐயா, மணி பன்னெண்டே கால்."

தணிகாசலம் தாளை அதே மடிப்பில் மடித்தார்.

பிறகு அதையே இன்னொரு முறை மடித்தார்.

இன்னொரு முறை.

"என்னங்கய்யா பண்றீங்க?"

நான்காவது மடிப்பு கனமாக இருந்தது. ஐந்தாவதைப் படியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி மடிக்க வேண்டியிருந்தது.

பிரித்தார். தாள் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடுகள். பத்தொன்பது வருடம் மடித்துப் பழகிய கை ஒரு கோட்டைக்கூடக் கோணலாக விடவில்லை.

கோட்டோடு கோடாகக் கிழிக்கத் தொடங்கினார்.

அப்பாத்துரை எண்ணினார். முதலில் விளையாட்டாக, பிறகு மெல்லிய குரலில்.

"முப்பத்திரண்டு" என்றார் கடைசியில்.

தணிகாசலம் வெறுங்காலோடு பாறைமேல் ஏறினார். முதலில் பூவராகன்.

"மூணு மணிக்கு எல்லாரையும் உட்கார வை. ஆளுக்கொரு பேனா இருக்கணும்."

"பேனா எதுக்குடா? கையெழுத்துதான் எப்பவோ போட்டாச்சே."

"பேர் எழுதறதுக்கு. உன் தாளையும் அருமைநாயகம் தாளையும் மேசைமேல விரிச்சு வைக்கப் போறேன். யார் வேணும்னாலும் வந்து படிக்கட்டும். ரெண்டுலயும் என் கையெழுத்து இருக்கு. அதையும் படிக்கட்டும்."



"ரெண்டுலயுமா?"

"ஆமாடா."

"சிக்னல் இல்லை" என்று பூவராகன் சொன்னார். பிறகு இணைப்பு நின்றது.

அருமைநாயகத்திடமும் அதையே சொன்னார். அவர் அண்ணே என்று ஆரம்பித்தார். பிறகு போனை வைத்துவிட்டார். சைக்கிள் மிதித்தவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் இனி அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

பாறையைவிட்டு இறங்கி வந்தார்.

"ஐயா" என்றார் அப்பாத்துரை. "சமமா விழுந்தா? பதினாறு பதினாறு?"

"தெரியலை."

இருபத்திரண்டு வருடம் அவருக்குக் கார் ஓட்டிய அப்பாத்துரை அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுக்கப் போனார்.

தணிகாசலம் துண்டுகளைக் கைக்குட்டையில் அடுக்கினார். ஒரே அளவு, ஒரே வெள்ளை. யார் எழுதியது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்றைத் தவிர.

வலது ஓரத்துத் துண்டில் அவர் கையெழுத்து இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு உலகம்மையைப் பார்த்தார்.

"வேற தாள் இருக்கா தாயே? ஒரு துண்டு போதும்."

"இருக்கே."

அவள் எழுந்தாள். உள்ளே இரண்டடி வைத்தாள்.

"வேண்டாம்" என்றார் அவர்.

அவள் நின்றாள்.

அவர் படியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் துண்டை வைத்து, கையெழுத்துக்கு மேலே இருந்த சின்ன இடத்தில் ஒரு பெயரை எழுதினார். எழுத வெகுநேரம் ஆனது. பேனா இரண்டு முறை நின்றது. எழுதி முடித்ததும் விரல்கள் பழக்கத்தில் அதன் மேல் ஓரத்துக்குப் போயின.

மடிக்கவில்லை.